லிஸ்பன் – ஏதென்ஸ்: விமானத் தொலைவும் பறக்கும் நேரமும் கணக்கிட முழுமையான வழிகாட்டி

லிஸ்பனிலிருந்து ஏதென்ஸுக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று தேடினால் இணையம் ஆளுக்கொரு விடை சொல்லும். ஓரிடத்தில் 3 மணி 11 நிமிடம். இன்னோரிடத்தில் ஏறத்தாழ 4 மணி. பயணச்சீட்டைப் பார்த்தால் ஆறு மணி நேரம் போலத் தெரியும், திரும்பி வரும் சீட்டிலோ இரண்டரை மணிகூட இல்லை. இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான விடை.

பயணத்திட்டம் போட்டுத்தரும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். கணக்கு கடினமில்லை, வரிசை மாறிவிடுகிறது. சீட்டிலுள்ள இரண்டு நேரங்களை முதலில் கழித்துவிட்டு, வந்த எண்ணுக்கு ஏற்பத் தூரத்தையும் வேகத்தையும் வளைக்கப் பார்ப்பார்கள். கடிகாரத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். இடம், தூரம், பாதை, வேகம், காற்று, தரையில் போகும் நிமிடங்கள் எல்லாம் முடிந்த பிறகே நேர மண்டலம்.

லிஸ்பன் – ஏதென்ஸ் வழித்தடத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இரு நகரங்களும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், தெற்கு ஐரோப்பாவின் இரண்டு முனைகளில் இருக்கின்றன. நடுவில் இரண்டு மணி நேர வித்தியாசம். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று ஒரு திசைக்கு உதவுகிறது, மறுதிசைக்குத் தடை. தவறு நேரக்கூடிய இடங்கள் எல்லாம் இந்த ஒரே கோட்டில் வந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை

சைன், கோசைன் போடத் தெரிந்த ஒரு கால்குலேட்டர் அல்லது எக்செல் தாள். இரு விமான நிலையங்களின் ஆயத்தொலைவுகள், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள். பயணத் தேதி. தேதி எதற்கு என்று கேட்பார்கள்: காற்றும் கடிகார மாற்றமும் தேதியைப் பொறுத்தவை, தேதி இல்லாமல் நேரத்துக்கு விடை கிடையாது. தூரத்துக்கு மட்டும் தேதி வேண்டாம்.

1. எந்த இரு விமான நிலையங்கள் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

நகரப் பெயரை வைத்துக் கணக்குத் தொடங்காதீர்கள். விமானம் நகரத்திலிருந்து நகரத்துக்குப் பறப்பதில்லை, ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்குப் பறக்கிறது.

நம் வழித்தடத்தில் சிக்கல் குறைவு. லிஸ்பனுக்கு உம்பெர்த்து டெல்காடு விமான நிலையம், மூன்றெழுத்துக் குறி எல்.ஐ.எஸ். ஏதென்ஸுக்கு எலெஃப்தேரியோஸ் வெனிசெலோஸ், குறி ஏ.டி.எச். ஆனால் ஏதென்ஸ் நிலையம் நகருக்குக் கிழக்கே ஸ்பாத்தாவில் இருக்கிறது. நகர மையத்திலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 20 கி.மீ., சாலையில் 30 கி.மீ.க்கு மேல். நகர மையத்தை வைத்துக் கணக்கிட்ட தளங்கள் சற்றுக் குறைவான தூரம் காட்டுவது இதனால்தான். பழைய தரவுகளில் 2001-இல் மூடப்பட்ட எல்லினிக்கோன் நிலையத்தின் புள்ளி இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.

மற்ற நகரங்களுக்கு இதே கணக்கைப் போடுபவர்கள் இந்தப் படியில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். ரோமுக்கு ஃபியூமிச்சினோ, சியாம்பினோ என இரண்டு. மிலானுக்கு மால்பென்சா, லினாட்டே, அவற்றோடு பெர்காமோ. பட்ஜெட் விமானத்தில் "பார்சலோனா" என்று போட்டிருந்தாலும் இறங்குவது ஜிரோனாவாக இருக்கலாம். வலென்சியா என்ற பெயரில் ஸ்பெயினில் ஒன்று, வெனிசுவேலாவில் ஒன்று. மூன்றெழுத்துக் குறியை எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே எழாது.

2. ஆயத்தொலைவுகளை எடுத்து, எழுதிய விதத்தைச் சரிபாருங்கள்

ஒவ்வொரு நிலையத்துக்கும் அதிகாரபூர்வமான ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. அந்தந்த நாட்டின் விமானப் போக்குவரத்துத் தகவல் ஏட்டில் அது பாகை (டிகிரி), கலை (பாகையில் 60-இல் ஒரு பங்கு), விகலை (கலையில் 60-இல் ஒரு பங்கு) எனக் கொடுக்கப்பட்டிருக்கும்.

லிஸ்பன்: வடக்கு 38° 46′ 27″, மேற்கு 9° 08′ 03″. தசமத்தில் 38.7742, −9.1342.

ஏதென்ஸ்: வடக்கு 37° 56′ 11″, கிழக்கு 23° 56′ 40″. தசமத்தில் 37.9364, 23.9444.

இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, 37° 56′ 11″ என்பதை அப்படியே 37.5611 என்று தட்டிவிடுவது. கலையை 60-ஆலும் விகலையை 3,600-ஆலும் வகுத்துத்தான் பாகையோடு கூட்ட வேண்டும். ஏதென்ஸின் இரு எண்களையும் இப்படித் தவறாகத் தட்டினால் புள்ளி தென்மேற்காக 50 கி.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். விடை பார்ப்பதற்குச் சரிபோலவே இருக்கும் என்பதால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இரண்டாவது, மேற்குத் தீர்க்கரேகைக்கு உரிய கழித்தல் குறியை விட்டுவிடுவது. லிஸ்பன் கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கிறது. குறி இல்லாமல் 9.1342 என்று போட்டால் உங்கள் லிஸ்பன் சார்டீனியாத் தீவின் கால்யாரிக்குத் தெற்கே நடுக்கடலில் போய் நிற்கும். தூரம் 1,293 கி.மீ. என்று வரும். ஸ்பெயின், போர்ச்சுகல் சம்பந்தப்பட்ட கணக்கில் விடை பாதிக்கும் கீழே வந்தால் முதலில் இந்தக் குறியைத்தான் பார்க்க வேண்டும்.

3. பெருவட்டத் தொலைவைக் கணக்கிடுங்கள்

பூமியின் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய பாதை பெருவட்டத்தின் வில். பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டம்தான் பெருவட்டம். விமானத் தொலைவு என்று சட்டத்திலும் துறையிலும் சொல்லப்படுவது இதுவே. வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளப்பது இது அல்ல. ஏன் என்பதைக் கணக்கு முடிந்ததும் பார்க்கலாம்.

உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையே தூரம் காணும் சூத்திரம் ஹேவர்சைன். அந்த முறையில் படிகள் இப்படி:

முதலில் எல்லாக் கோணங்களையும் ரேடியனுக்கு மாற்றுங்கள். எக்செல் ரேடியனில்தான் கணக்குப் போடும், பாகையை நேரடியாகக் கொடுத்தால் அர்த்தமில்லாத எண் வரும். கையில் வைத்திருப்பது சாதாரண அறிவியல் கால்குலேட்டர் என்றால் அதைப் பாகையில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கடைசிப் படியில் மட்டும் ரேடியன் வேண்டும்.

அட்சரேகை வித்தியாசம் 0.838°. அதன் பாதிக்குச் சைன் எடுத்து வர்க்கம் செய்தால் 0.0000535. இது மிகச் சிறிய எண். இரு நகரங்களும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருப்பதன் அடையாளம்.

தீர்க்கரேகை வித்தியாசம் 33.079°. லிஸ்பன் கழித்தல் என்பதால் இரண்டும் கூடுகின்றன, கவனியுங்கள். அதன் பாதிக்குச் சைன் எடுத்து வர்க்கம் செய்தால் 0.08104. இதை இரு அட்சரேகைகளின் கோசைன்களாலும் (0.7796, 0.7887) பெருக்கினால் 0.04983.

இரண்டையும் கூட்டினால் 0.04988. இதன் வர்க்கமூலம் 0.22335. அதற்கு எதிர்ச்சைன் (sin⁻¹) எடுத்து இரட்டித்தால் 0.4505 ரேடியன். பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ.யால் பெருக்கினால் 2,870 கி.மீ.

பூமி முழு உருண்டை அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதையும் சேர்த்துக் கணக்கிடும் கருவிகள் சுமார் 2,877 கி.மீ. என்று காட்டும். கிழக்கு–மேற்காக ஓடும் பாதையில் உருண்டைக் கணக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லும். ஏழு கி.மீ. என்பது விமானத்துக்கு அரை நிமிடம், அதற்காகச் சண்டை போட வேண்டாம். இரு தளங்கள் பத்துக் கி.மீ.க்குள் வேறுபட்டால் அது பெரும்பாலும் இந்த முறை வித்தியாசம்தான். நூறு கி.மீ. வேறுபட்டால் யாரோ வேறு புள்ளியை எடுத்திருக்கிறார்கள்.

இப்போது வரைபட விஷயம். ஏதென்ஸ் லிஸ்பனைவிடச் சற்றே தெற்கில் இருக்கிறது. ஆகவே விமானம் கிழக்கே, கொஞ்சம் தெற்காகப் போகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெருவட்டப்படி லிஸ்பனிலிருந்து கிளம்பும் திசை 81° அளவில் வருகிறது, அதாவது கிழக்குக்குச் சற்று வடக்கே. வில் வலென்சியா, மயோர்க்காத் தீவின் பால்மா ஆகியவற்றை ஒட்டிப் போய், 39.6° வரை மேலேறி, சார்டீனியாவின் தென்பகுதி, கலாப்ரியா, கெஃபலோனியாத் தீவின் வடமுனை என இறங்கி ஏதென்ஸைச் சேர்கிறது. தட்டை வரைபடத்தில் அளவுகோல் வைத்து இழுத்த நேர்க்கோட்டை அப்படியே பின்பற்றினால் 2,886 கி.மீ. ஆகும். இந்த வழித்தடத்தில் வித்தியாசம் 16 கி.மீ. மட்டுமே என்பதால் தவறு வெளியே தெரியாது. இதே பழக்கத்தோடு லிஸ்பன் – டோக்கியோ கணக்குப் போட உட்கார்ந்தால் தெரியும்.

கூகுள் வரைபடத்தில் தொலைவை அளக்கும் வசதி பெருவட்டப்படிதான் அளக்கிறது, அதைச் சரிபார்க்கப் பயன்படுத்தலாம். வழிகாட்டும் வசதியைப் பயன்படுத்தாதீர்கள். அது சாலைத் தூரம். முழுக்கத் தரைவழியே போனால் அது நாலாயிரம் கி.மீ.யைத் தாண்டும், ஏனென்றால் ஏட்ரியாட்டிக் கடலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

4. அலகை ஒரு தடவை எழுதி வையுங்கள்

2,870 கி.மீ. என்றால் 1,550 கடல் மைல், அல்லது 1,783 சாதாரண மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609 கி.மீ.

விமானத் துறையில் வெறுமனே "மைல்" என்றால் கடல் மைல். பயணத் தளங்களிலும் விமான நிறுவனங்களின் மைலேஜ் திட்டங்களிலும் பெரும்பாலும் சாதாரண மைல். இரண்டையும் கலந்தால் 15 விழுக்காடு பிழை. வேகம் 'நாட்' அலகில் (மணிக்கு ஒரு கடல் மைல்) இருந்தால் தூரம் கடல் மைலில்தான் இருக்க வேண்டும்.

5. பறக்கும் பாதைக்குக் கூடுதல் போடுங்கள்

எந்த விமானமும் பெருவட்டத்தில் அச்சுப் பிசகாமல் பறப்பதில்லை. போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ் வான்வெளிகளைக் கடக்கும்போது வழித்தடங்களும் இராணுவப் பயிற்சிப் பகுதிகளும் அதை அங்கங்கே வளைக்கும்.

அதைவிட இரு முனைகளில்தான் சுற்று அதிகம். லிஸ்பனின் ஓடுபாதை ஏறத்தாழ வடக்கு–தெற்கு. ஏதென்ஸின் இரண்டு இணை ஓடுபாதைகளும் வடகிழக்கு–தென்மேற்கு. கிழக்கு–மேற்காகப் போகும் விமானத்துக்கு இரண்டுமே ஒத்துவராத திசை. கிளம்பியதும் திரும்ப வேண்டும், இறங்கும் முன் மறுபடி சுற்ற வேண்டும்.

ஐரோப்பாவுக்குள் இந்த நீளத்துக்கு 3 விழுக்காடு சேர்ப்பது நியாயமான நடுமதிப்பு. 2,870-க்கு 3 விழுக்காடு சேர்த்தால் சுமார் 2,960 கி.மீ. கார்பன் வெளியேற்றக் கணக்குக்காக ஐரோப்பிய ஒன்றியம் பெருவட்டத் தொலைவோடு நிலையாக 95 கி.மீ. கூட்டும் முறையை வைத்திருக்கிறது. அப்படிப் போட்டாலும் 2,965 வருகிறது. இரு வழிகளும் ஒரே இடத்தில் வந்து சேர்வதால் இந்த எண்ணை நம்பலாம். 500 கி.மீ. பயணத்துக்கு மட்டும் 3 விழுக்காடு போதாது. முனைச் சுற்றுகள் தூரம் குறைந்தாலும் குறையாதவை.

6. வேகத்தையும் காற்றையும் தனித்தனியாகப் போடுங்கள்

"ஜெட் விமானம் மணிக்கு 900 கி.மீ." என்று எடுத்துக்கொண்டு 2,870-ஐ வகுத்தால் 3 மணி 11 நிமிடம். இணையத்தில் பாதித் தளங்கள் காட்டும் எண் இதுதான். இதில் பாதையின் வளைவு இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை, காற்று இல்லை, தரை இல்லை. போதாக்குறைக்கு வேகமும் கூடுதல்.

இந்த வழித்தடத்தில் பறப்பவை ஏ320 குடும்பம் போன்ற குறுகிய உடல் விமானங்கள், அதாவது உள்ளே ஒரே நடைவழி உள்ளவை. அவை ஒலிவேகத்தில் சுமார் 0.78 பங்கு வேகத்தில் செல்லும். 35,000 அடி உயரத்தில் வெளியே −54 டிகிரி அளவில் இருக்கும். அந்தக் குளிரில் ஒலியின் வேகமே குறைந்துவிடுவதால் 0.78 பங்கு என்பது மணிக்கு 830 கி.மீ. சொச்சம். இது காற்றைப் பொறுத்த வேகம். தரையைப் பொறுத்த வேகம் வேறு.

காற்றே இல்லாவிட்டால் 2,960-ஐ 830-ஆல் வகுத்து 3 மணி 34 நிமிடம். இது ஒரு நடுக்கோடு மட்டுமே.

மத்தியதரைக் கடலின் மேல் அந்த உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. குளிர்காலத்தில் ஜெட் காற்றோட்டம் வலுத்துத் தெற்கே இறங்கி வரும், கோடையில் தளரும். நடுத்தரமான நாளுக்கு மணிக்கு 60 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஏதென்ஸ் போகும்போது தரைவேகம் 890, நேரம் 3 மணி 20 நிமிடம். திரும்பும்போது 770, நேரம் 3 மணி 51 நிமிடம்.

இதில் ஒன்றைக் கவனிக்கலாம். அதே காற்று போகும்போது 14 நிமிடம் மிச்சப்படுத்துகிறது, வரும்போது 17 நிமிடம் தின்கிறது. எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் இழப்பு எப்போதும் ஆதாயத்தைவிடக் கூடுதல். "போக வர இரண்டையும் சேர்த்தால் காற்று ரத்தாகிவிடும்" என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

காற்று மணிக்கு 100 கி.மீ.யாக வலுத்த குளிர்கால நாளில் போவதற்கு 3 மணி 11 நிமிடம், வருவதற்கு 4 மணி 3 நிமிடம் என்று ஐம்பது நிமிடத்துக்கு மேல் விலகிவிடும். ஆகவே இரு திசைக்கும் சேர்த்து ஒரே "பறக்கும் நேரம்" கேட்பவர்களுக்கு நான் விடை சொல்வதில்லை. எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்பேன்.

7. தரையிலும் ஏற்ற இறக்கத்திலும் போகும் நிமிடங்களைக் கூட்டுங்கள்

மேலே போட்ட நேரம் முழு வேகத்தில் முழுத் தூரமும் பறந்தால் ஆவது. ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் மெதுவாகத்தான் போகும். அதற்கு 12 நிமிடம் சேர்க்கலாம்.

பிறகு தரை. கேட்டிலிருந்து பின்னால் தள்ளி, ஓடுபாதைக்கு ஊர்ந்து, வரிசையில் நிற்க 15 நிமிடம். இறங்கிய பின் கேட்டுக்கு வர 8 நிமிடம். லிஸ்பனில் பயன்பாட்டில் இருப்பது ஒரே ஓடுபாதை என்பதால் காலை நெரிசலில் வரிசை இன்னும் நீளும்.

மொத்தம் 35 நிமிடம். ஏதென்ஸுக்கு 3 மணி 55 நிமிடம், லிஸ்பனுக்கு 4 மணி 26 நிமிடம். அட்டவணைகள் ஐந்து நிமிடக் கட்டங்களில் ஓடுவதால் பின்னதை 4 மணி 25 என்று கொள்வோம். விமானம் அசைந்ததிலிருந்து மறுபடி நின்று பிரேக் போடும் வரையான இந்த நேரத்தைத் துறையில் பிளாக் நேரம் என்கிறார்கள். சீட்டில் அச்சாவது இதுவே. வானத்தில் இருக்கும் நேரம் இதில் 20, 25 நிமிடம் குறைவு.

விமான நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் நேரம் போடும். இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்கு வந்து சேர்வது விமானியின் சாமர்த்தியத்தைவிட இந்த இடைவெளியின் புண்ணியம். ஆகவே உங்கள் கணக்குக்கும் அட்டவணைக்கும் பத்து நிமிடம் வேறுபட்டால் விட்டுவிடுங்கள். அரை மணி வேறுபட்டால் ஏதோ ஒரு படியைத் தாண்டியிருக்கிறீர்கள்.

8. இப்போது கடிகாரம்

போர்ச்சுகலின் பெருநிலம் குளிர்காலத்தில் உலகப் பொதுநேரத்தில் (யூ.டி.சி.) இருக்கிறது, கோடையில் ஒரு மணி கூடுதல். கிரீஸ் குளிர்காலத்தில் இரண்டு மணி கூடுதல், கோடையில் மூன்று. ஆக வித்தியாசம் ஆண்டு முழுவதும் இரண்டு மணி.

லிஸ்பனில் பகல் 12:00-க்குக் கிளம்பினால் 3 மணி 55 நிமிடம் கழித்து லிஸ்பன் நேரம் 15:55. ஏதென்ஸ் கடிகாரம் 17:55 காட்டும். சீட்டைப் பார்ப்பவருக்கு ஆறு மணிப் பயணம்.

ஏதென்ஸில் காலை 8:00-க்குக் கிளம்பினால் 4 மணி 25 நிமிடம் கழித்து ஏதென்ஸ் நேரம் 12:25. லிஸ்பன் கடிகாரம் 10:25. சீட்டைப் பார்ப்பவருக்கு இரண்டரை மணிக்கும் குறைவு. அதிக நேரம் பிடிக்கும் பயணம்தான் சீட்டில் குறுகியதாகத் தெரிகிறது. புதியவர்கள் காற்றின் திசையைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது இங்கேதான்: "வரும்போது சீக்கிரம் வந்துவிடுகிறது" என்பார்கள்.

குழப்பம் வந்தால் இரு நேரங்களையும் யூ.டி.சி.க்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். கோடையில் லிஸ்பன் 12:00 என்பது யூ.டி.சி. 11:00, ஏதென்ஸ் 17:55 என்பது 14:55. வித்தியாசம் 3 மணி 55.

நேர மண்டலமே தெரியாமல் சரிபார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. இரு திசைச் சீட்டுகளின் கடிகார வித்தியாசங்களைக் கூட்டிப் பாதியாக்குங்கள். 5 மணி 55-ம் 2 மணி 25-ம் சேர்ந்து 8 மணி 20, பாதி 4 மணி 10. ஒரு பக்கம் கூடிய இரண்டு மணி மறுபக்கம் கழிந்துவிடுவதால் இது உண்மையான சராசரி பிளாக் நேரம். காற்றில்லாத கணக்கு 3 மணி 34-ம் 35 நிமிடமும் சேர்ந்து 4 மணி 9. பொருந்துகிறது. எந்த இரு ஊருக்கும் இந்த வழி செல்லும், போகும் நாளுக்கும் வரும் நாளுக்கும் நடுவே கடிகார மாற்றம் இல்லாதவரை.

அந்தக் கடிகார மாற்றம்: ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாம் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று யூ.டி.சி. 01:00-க்கு ஒரே நொடியில் மாற்றுகின்றன. அதனால் லிஸ்பன்–ஏதென்ஸ் வித்தியாசம் ஒரு நிமிடம்கூடக் குலையாது. ஆனால் அந்த நொடியில் வானத்தில் இருக்கும் விமானத்துக்குக் கணக்கு மாறும். அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முந்தைய சனி இரவு 23:00-க்கு லிஸ்பனில் கிளம்பினால் அது யூ.டி.சி. 22:00. சேர்வது 01:55. அதற்குள் ஏதென்ஸ் குளிர்கால நேரத்துக்கு மாறியிருக்கும், கடிகாரம் 03:55. மாற்றத்தைக் கவனிக்காதவர் 04:55 என்று எழுதி, அழைத்துப்போக வரும் வண்டியை ஒரு மணி நேரம் தாமதமாக வரச் சொல்லியிருப்பார்.

பக்கத்து ஊர்களுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. துருக்கி 2016 முதல் கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஆண்டு முழுவதும் யூ.டி.சி.யைவிட மூன்று மணி முன்னால். எனவே இஸ்தான்புல்லும் ஏதென்ஸும் கோடையில் ஒரே நேரம், குளிர்காலத்தில் ஒரு மணி வித்தியாசம். போர்ச்சுகலுக்குள்ளேயே அசோர்ஸ் தீவுகள் லிஸ்பனுக்கு ஒரு மணி பின்னால்.

9. மாறிச் செல்லும் பயணத்தைத் தூரத்தால் எடைபோடாதீர்கள்

லிஸ்பன் – ரோம் ஃபியூமிச்சினோ 1,839 கி.மீ. ஃபியூமிச்சினோ – ஏதென்ஸ் 1,086 கி.மீ. மொத்தம் 2,925. நேர்வழியைவிட 55 கி.மீ.தான் கூடுதல். "ரோம் வழியில்தானே இருக்கிறது" என்று இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு.

கூடுவது தூரம் அல்ல. ஏழாம் படியின் 35 நிமிடம் இரண்டு தடவை விழுகிறது, நடுவில் ரோமில் காத்திருக்கும் நேரம் வேறு. ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் சுமார் 3,690 கி.மீ. ஆனாலும் இணைப்பு நேரம் நன்றாக அமைந்தால் அது ரோம் வழியைவிட முன்னால் கொண்டுசேர்த்துவிடலாம். மாறும் பயணத்தில் முதலில் பார்க்க வேண்டியது இடைநேரம், பிறகுதான் கிலோமீட்டர்.

போர்ச்சுகலும் கிரீஸும் ஷெங்கன் நாடுகள், அதாவது தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டில் உள்ளவை. நேர்விமானத்திலோ ரோம், ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவோ போனால் கடவுச்சீட்டு வரிசை இல்லை. இஸ்தான்புல் வழியாக மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தால் ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா வைத்திருப்பவர்களுக்கு அது அங்கேயே செலவாகிவிடும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் சீட்டின் விலையைப் பார்க்கும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

10. வாசலிலிருந்து வாசல் வரை

லிஸ்பன் நிலையம் நகருக்குள்ளேயே இருக்கிறது, மெட்ரோவின் சிவப்புத் தடம் நேராக வரும். ஆனால் பட்ஜெட் நிறுவனங்கள் பல இரண்டாம் முனையத்திலிருந்து கிளம்புகின்றன. மெட்ரோ நிற்பது முதல் முனையத்தில். அங்கிருந்து இலவசப் பேருந்து பிடிக்க வேண்டும், அதற்குக் கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஏதென்ஸில் மெட்ரோ மூன்றாம் தடம் சிந்தக்மா சதுக்கத்துக்குச் சுமார் 40 நிமிடம். எல்லா ரயிலும் விமான நிலையம் வரை வராது, பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

இரண்டு மணி முன்னதாக நிலையம் சேர்வது, பெட்டி வர அரை மணி, இரு பக்கமும் நகரப் பயணம் எல்லாம் சேர்ந்தால் நான்கு மணிப் பயணம் ஏறத்தாழ எட்டு மணி ஆகும்.

11. தாமதமானால் பயன்படுவது மூன்றாம் படியின் எண்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, நிறுவனத்தின் பொறுப்பில் வரும் காரணத்தால் மூன்று மணியோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் இழப்பீடு உண்டு. ஒன்றியத்துக்குள் 1,500 கி.மீ. வரை 250 யூரோ, அதைத் தாண்டினால் 400 யூரோ. தொலைவைப் பெருவட்டப்படிதான் அளக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஐந்தாம் படியில் கூட்டிய 3 விழுக்காடு இங்கே செல்லாது.

லிஸ்பன் – ஏதென்ஸ் 2,870 என்பதால் 400 யூரோ. ரோம் – ஏதென்ஸ் மட்டும் தனியாக வாங்கிய சீட்டு என்றால் 1,086, ஆகவே 250. ஒரே முன்பதிவில் ரோமில் மாறி, இரண்டாவது விமானம் மட்டும் தாமதமானாலும் அளக்க வேண்டியது லிஸ்பனிலிருந்து ஏதென்ஸுக்கு நேராக. 1,086-ம் இல்லை, 2,925-ம் இல்லை.

சேர்ந்த நேரம் என்பது சக்கரம் ஓடுபாதையைத் தொட்ட நேரம் அல்ல, கேட்டில் நின்ற நேரமும் அல்ல. விமானத்தின் ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்கலாம் என்றாகும் நேரம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்திருக்கிறது. 2 மணி 55 நிமிடத் தாமதத்தோடு தரையைத் தொட்டால், கதவு திறக்கும்போது கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கைபேசி உள்ளூர் நேரத்துக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.